சந்தை நாளில் பனி விழுவதில்லை

அம்மா என் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திருட்டுத்தனமாக ஒன்றும் இல்லை. ஒளிந்து மறைந்து செய்திருந்தால் எனக்குப் பாதிக் கோபம்தான் வந்திருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாறை மேல் இருந்த பாட்டிலில் சொம்பைச் சாய்த்து ஒரு மடக்கு ஊற்றினாள். மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு வீசிவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள். கோழியை அடைக்கிற மாதிரி, அடுப்பைத் துடைக்கிற மாதிரி, அதுவும் ஒரு வேலை. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வழக்கமாக அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஒடுகத்தூரில் பள்ளிக்கூடம் விட்டு, பஸ் பிடித்து, மலையேறி ஊர் வந்து சேர இருட்டிவிடும். சனி, ஞாயிறு என்றால் ஆடுகளை ஓட்டிவரக் காட்டுப்பக்கம் போயிருப்பேன். அன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு என்று எங்களை மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். அனுப்பாமல் இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. நானும் என்னோடு படிக்கிற கௌசரும் சென்னைப் போட்டிக்குப் போயிருப்போம், பேசியிருப்போம், கைதட்டு வாங்கியிருப்போம். தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைப்பது சரியா தப்பா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, இப்ப இன்னா பண்ண நீ?"

"இன்னா பண்ணேன்?"

"என் பாட்டில்ல இன்னாத்துக்குத் தண்ணி ஊத்துன?"

விளக்கு எதற்கு ஏற்றினாய் என்று கேட்டதுபோல அம்மா என்னைப் பார்த்தாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல வெறும் பாத்திரம் வாயத் தொறந்துகினு வாசல்ல இருக்கலாமாடி? அதுவும் உங்கப்பா வெளியூர்ல இருக்கசொல்ல?"

"தெனமுமா ஊத்தற?"

"தெனமுந்தான். மழ பேஞ்ச நாள்ல எதுக்கு ஊத்தறேன், அதுல தான் தண்ணி இருக்குதே. சந்தைக்குப் போனா வூடு வந்து சேர இருட்டிடுது. அன்னிக்கி மட்டும் வுட்டுப் போயிடும்."

சந்தை என்ற சொல்லைக் கேட்டதும் படியிலிருந்து எழுந்துவிட்டேன். எதனால் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கதையை ஆடி மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாண்டுரங்கன் சார் எங்களுக்கு இயற்பியல் எடுப்பவர். செங்கத்துக்காரர். ஆடி மாதத்தில் ஒருநாள் வேலூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், பாடப் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். பிளஸ் ஒன் மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து சுயமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். நன்றாக இருந்தால் மாவட்ட அளவில் ஒரு போட்டி, அதற்கு மேல் சென்னையில் மாநில அளவில் ஒன்று. நோட்ஸ் கிடையாது, கைடு கிடையாது. "கேள்வியே உங்களோடதா இருக்கணும்" என்றார். "பதில் எனக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது ஆய்வு இல்ல." வகுப்பே திருதிருவென்று முழித்தது. ரஞ்சித்குமார் எழுந்து, "கேள்விக்கு எத்தன மார்க் சார்?" என்று கேட்டான். சார் அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அவரும் எங்கள் அளவுக்குத்தான் குழம்பிப்போயிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வாத்தியார்களுக்கும் குழப்பம் வரும் என்பதே இந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

பத்து வருஷம் மற்றவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, திடீரென்று நீயே கேள் என்றால் எங்கே போவது? நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஆடு ஏன் அசைபோடுகிறது? அது புத்தகத்தில் இருக்கிறது. பலா மரத்தில் அடியில் ஏன் காய்க்கிறது? அதுவும் எங்கேயாவது இருக்கும். எல்லாவற்றையும் யாரோ முன்னாலேயே கேட்டு வைத்துவிட்டார்கள் என்று எரிச்சலாக வந்தது. கடைசியில் கேள்வி ஒரு சண்டையிலிருந்து வந்தது. ஒருநாள் காலையில் மலையில் நல்ல மழை. தொப்பலாக நனைந்து வகுப்புக்குப் போனேன். கீழே ஒடுகத்தூரில் ரோட்டில் புழுதி பறக்கிறது. "அரே, தலய தொவட்டாம வந்துட்டு மழைன்னு கத வுடாதடி" என்றாள் கௌசர். நான் மழை என்கிறேன், அவள் பொய் என்கிறாள். பேச்சு முற்றிக்கொண்டே போனது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சார், "இதுதான் கேள்வி" என்றார். மேலே எவ்வளவு மழை, கீழே எவ்வளவு மழை. சண்டை போட்டவர்களே ஜோடியாகிவிட்டோம்.

கௌசரின் அப்பா சத்தார் பாய்க்கு ஒடுகத்தூரில் ஹார்ட்வேர் கடை. பெரிய சோடா பாட்டில்கள் இரண்டை வெட்டி, அடியில் கொஞ்சம் சிமெண்ட் குழைத்து ஊற்றிச் சமமாக்கி, மேல் பாதியைப் புனல்போலக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஒன்று அவர்கள் வீட்டு மொட்டை மாடியில். இன்னொன்று எங்கள் வாசலில், பாறை மேல். காலையில் எழுந்ததும் அளவைப் பார்த்து, கொட்டிவிட்டு, கௌசருக்கு வாட்சப்பில் அனுப்ப வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே போன், அம்மாவுடையது. சிக்னல் நிலையாகக் கிடைப்பது வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் மட்டும், வாசலில் எப்போதாவது ஒரு கோடு வந்து போகும். கௌசர் தன் போனில் அட்டவணை போட்டுச் சேர்த்துக்கொள்வாள். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் போனது. கீழே பெய்தால் மேலே அதைவிட அதிகம் பெய்தது. என் பக்கம்தான் நியாயம் என்று ஆனதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. மார்கழியில் மழை நின்றுவிட்டது. நான் பூஜ்யம் அனுப்பத் தயாராக இருந்தேன். போய்ப் பார்த்தால் பாட்டிலில் இரண்டு. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் இரண்டு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கீழே கௌசர் வீட்டில் சுத்தமாகப் பூஜ்யம். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. சாரிடம் போய்ச் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பனி" என்றார். மலைக்காற்றில் இருக்கிற ஈரம் புனலில் குளிர்ந்து, வழிந்து, அடியில் சேர்கிறது. மழை இல்லாத மாதத்திலும் மலைக்குத் தண்ணீர் வருகிறது. குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். குடம் தூக்குவது நான்தானே.

அப்போது கௌசர் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வந்தவள், "ஏய், வாரத்துல ஒரு நாள் மட்டும் பூஜ்யம் வருது பாருடி" என்றாள். சந்தை நாள். எப்போதும் அந்த நாள்தான். சார் அதற்கும் காரணம் வைத்திருந்தார். சந்தை நாளில் வேனும் லாரியும் ஷேர் ஆட்டோவும் மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன, அந்தப் புகையிலும் சூட்டிலும் பனி கலைந்துபோகிறது. பொங்கல் முடிந்து வேலூரில் நடந்த மாவட்டப் போட்டியில் எங்களுக்குப் பரிசு வாங்கித் தந்ததே அந்தப் புகைதான். நடுவராக வந்த மேடம், "மனிதர்கள் இயற்கையை என்ன செய்கிறார்கள் என்பதை இந்தக் குழந்தைகள் ஒரு பாட்டிலில் பிடித்திருக்கிறார்கள்" என்று மைக்கில் சொன்னார். கேடயம் கொடுத்தார்கள். சாரும் நாங்களும் நின்ற படம் பள்ளிக்கூடக் குழுவில் ஒரு வாரம் சுற்றியது. மாசியில் சென்னை. கேடயத்தை அம்மாவிடம் காட்டினேன். துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன்.

இப்போது வாசலில் நின்றுகொண்டு, "எந்தெந்த நாளு ஊத்துன, எந்தெந்த நாளு ஊத்தலன்னு ஞாபகம் இருக்குதா?" என்று அவளைக் கேட்டேன்.

"வெளக்கு வச்சத யாராச்சும் ஞாபகம் வச்சுப்பாங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "இன்னாடி, நான் எதுனா கெடுத்துட்டனா?"

ஆமாம் என்று கத்தியிருக்கலாம். கத்தத்தான் வந்தது. ஆனால் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்லமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் கௌசரிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

"வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன், சொல்லாத. எங்கம்மா சென்னைக்குன்னு புது புர்கா தைக்கக் குடுத்துட்டாங்க. நான் இந்த ஊர வுட்டு வேலூரத் தாண்டினது இல்லடி. எங்கப்பா சரின்னு சொன்னதே அதிசயம்."

"அப்ப அங்க போய் இன்னான்னு பேசறது? எங்கம்மா சந்தைக்குப் போற நாள்ல பனி விழறது இல்லன்னா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. அவள் பாட்டில் அத்தனை நாளும் ஒழுங்காகப் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தது. தப்பு என் வாசலில். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி வா, சார்கிட்டயே கேப்போம். அவரு சொல்ல வாணாம்னா வாணாம்" என்றாள். பழியைத் தூக்கிப் போட ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கும் நிம்மதிதான்.

சார் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"எல்லா நாளும் அம்மாதான் ஊத்துனாங்களா?"

"அம்மாவுக்கு ஞாபகம் இல்ல சார்."

"அப்ப எல்லா நாளும்னு நம்ம சொல்ல முடியாது, இல்லையா? ஊத்தினதும் இருக்கலாம், அது மேல பனியும் இருக்கலாம்."

"சந்தை நாளுல பூஜ்யம் வருதே சார்."

சார் எழுந்து போய் ஒன்றும் எழுதியிராத கரும்பலகையை ஒரு தரம் துடைத்தார். திரும்பி வந்து, "ஒரு வாரம் அம்மா கை படாம அளந்து பாரு" என்றார். "ஒரு நாள் வந்தாலும் போதும் ஜெயசுதா. பனி வருதுன்னு ஆயிடும். மிச்சத்த நான் எழுதிக்கிறேன். நம்ம சென்னைக்குப் போறோம்."

"ஒரு நாளும் வரலன்னா சார்?"

"வரலன்னா போன் பண்ணி, நாங்க வரலன்னு சொல்லிடலாம்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அதைக் கேட்டதும் கௌசர் என் கையைக் கிள்ளினாள். வலித்தது. நியாயமான ஆள்தான் சார். நியாயமாக இருப்பது அவருக்கும் அன்று பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

அம்மாவிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பா கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தார். ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்ததும் போவார், எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான். ஒற்றை மூங்கிலில் துளை போட்டுக் காலுக்குக் கட்டை செருகி வைத்திருப்பார்கள், அதுதான் ஏணி. அதை மரத்தில் சாய்த்து, தோளில் சாக்கோடு உச்சிவரை ஏற வேண்டும். அப்பா ராஜாக்கண்ணு அதைச் சொல்லும்போது ஏதோ மாடிப்படி ஏறுகிறாற்போலச் சொல்வார். அம்மா அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. அவர் பஸ் ஏறிய நாளிலிருந்து வீட்டில் குடம் காலியாக நிற்காது, அரிசி டப்பா தீராது, அடுப்படியில் சொம்புகூடக் கவிழ்ந்து இருக்காது. இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் என் பாட்டிலும் ஒரு பாத்திரம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது மழைமானி.

"ஒரு வாரந்தாமா" என்றேன். "ஊத்தாத. தொடாத. அப்படியே வுட்டுடு."

"ஊத்தலன்னா உன் பரிச்ச சரியாயிடுமா?"

"தெரியல."

"மூடியாச்சும் போட்டு வைக்கட்டா? ஒரு எல போட்டு மூடட்டா?"

"மூடினா பனி எப்படிமா உள்ள வுழும்?"

யோசித்தாள். "சரி போ. ஊத்தல" என்றாள்.

அவள் ஊற்றவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் அந்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் பட்ட பாட்டை, திங்களும் செவ்வாயும் உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கு மட்டம் போட்டு வீட்டிலேயே இருந்த நான் என் கண்ணால் பார்த்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு வாசல்வரை வருவாள். பாறையைப் பார்த்ததும் நிற்பாள். அங்கிருந்தே கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பிப் போவாள். வாசற்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உள்ளே விளக்கேற்றுவாள், பாட்டில் இருக்கிற பக்கம் வெளிச்சம் போகாதபடி. காலையில் நான் குனிந்து பார்ப்பேன். பூஜ்யம். புனலில் ஈரம் இருக்கும், விரலால் தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஆனால் அடியில் ஒன்றும் இருக்காது. பலா மரத்தடிக்குப் போய் கௌசருக்குப் பூஜ்யம் என்று அனுப்புவேன். அவள் ஓர் அழுகிற மூஞ்சியைத் திருப்பி அனுப்புவாள். மறுநாளும் பூஜ்யம். மறுநாளும் அழுகிற மூஞ்சி.

புதன்கிழமை அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் கூப்பிடுகிறவர். வியாழன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். அவரோடு போயிருந்த கருப்பன் மாமாவின் நம்பரும் போகவில்லை. மாமாவின் பெண்டாட்டி ஆனந்தி அத்தை வந்து விசாரித்துவிட்டு, "டவர் இருக்காது, அது காடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா தலையாட்டினாள். வெள்ளியும் வரவில்லை. அம்மா பலா மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அரிசி களைய வருவாள், மறுபடி போய் நிற்பாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பாட்டிலால்தான் என்று ஒரு தரம் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் பாரம் இறங்கியிருக்கும். கெங்கம்மாள் மகள் நான் கத்துகிறவள் என்று ஊருக்கே தெரியும். கத்த ஓர் இடம் கொடுக்கவில்லை அவள்.

பாட்டிலுக்கும் மிளகுக்கொடிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். நான் அறிவியல் குரூப். ஆனால் சந்தைக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? அதுவும்தான் ஒன்றும் இல்லை. அதற்குக் கேடயம் கொடுத்து, படம் பிடித்து, மைக்கில் பாராட்டியிருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சம்பந்தத்தை உண்டாக்கினால் அது ஆய்வு, அம்மா தனியாக உண்டாக்கினால் அது மூடநம்பிக்கையா? இப்படி யோசிக்க யோசிக்க எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல இருந்தது. அதோடு ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. எதற்கு வெட்கப்பட வேண்டும், சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் பூஜ்யத்தைப் பார்த்தபோது கௌசரின் மூஞ்சி ஞாபகம் வரவில்லை. அப்பா அந்த ஒற்றை மூங்கிலில் நிற்பதுதான் கண்ணில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அன்று சாயங்காலம் வைக்கிற பாட்டிலை மறுநாள் காலையில் பார்த்து, சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எல்லாம் பூஜ்யம்தான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. கௌசருக்கு மட்டும் முடிவாகவில்லை. "ஒரு நாளாவது வரணும்டி, துவா கேட்டுட்டு இருக்கேன்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஆடுகளைச் சீக்கிரமே ஓட்டிவந்து கட்டினேன். மலை மேலிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது, எதிர் வீட்டுக் கூரை பாதிதான் தெரிந்தது. அம்மா உள்ளே இல்லை. பின்பக்கம் போயிருப்பாள், போனோடு. விளக்கு ஏற்றாமல் இருந்தது. அந்த நேரத்தில் அம்மா விளக்கு ஏற்றாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அடுப்படியில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோகவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. பாறையருகே குனிந்து ஒரு மடக்கு ஊற்றினேன். புனலில் சுழன்று இறங்கி அடியில் போய் நின்றது. பழக்கத்தில் அளவைப் பார்த்தேன். சரியாக இரண்டு. நெஞ்சு கொஞ்சம் லேசானது. அப்படி லேசானதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத சத்தம்.

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? அஞ்சு நாளா நாங்க இங்க செத்துப் பொழைக்கிறோம்... எங்க வுழுந்துது போனு? ஓடையிலயா? ... சாப்ட்டியா? ... ஆமா, சுதா நல்லாத்தான் இருக்கா."

அவள் பேசுவதைக் கேட்டால் அப்போதுதான் ஆரம்பித்த பேச்சு மாதிரி இல்லை. நான் ஆடு கட்டும்போதே வந்திருக்க வேண்டும் அந்த போன். சொம்பைத் தொடுவதற்கு முன்னாலேயே அப்பா நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அப்படியென்றால் இந்தத் தண்ணீர் எதற்கு? கொட்டிவிடலாம். யாரும் பார்க்கவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்தேன். சாய்க்கப் போனேன். கை வரவில்லை. அப்பாவின் பேச்சு இன்னும் முடியவில்லை, விளக்கு வைக்கிற நேரம், இப்போது போய் எப்படிக் காலி செய்வது? பேச்சு முடியட்டும், அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, பாட்டிலைப் பாறை மேலேயே வைத்தேன்.

அம்மா விளக்கை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. இடுப்பில் போன் செருகியிருந்தது. "உங்கப்பா பேசுனாருடி. போன ஓடத் தண்ணில போட்டுட்டு, இப்பத்தான் கடைல குடுத்து ரிப்பேர் பண்ணிகினு வந்தாராம். கருப்பனுக்கு டவர் இல்லியாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாறையைப் பார்த்து நின்றாள். பாட்டிலில் தண்ணீர் விளக்கொளியில் தெரிந்தது. அவள் முகம் மாறியது.

"சுதா, நான் ஊத்தலடி" என்றாள்.  "உங்கப்பா மேல சத்தியமா நான் ஊத்தல. இந்த ஒரு வாரமும் நான் கிட்டகூடப் போவல."

"தெரியும்மா."

"அப்ப இது ஏது?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்து எதற்கு என்று கேட்பாள். பயந்துபோய் ஊற்றினேன் என்று சொல்ல வேண்டும், நீ செய்ததையே நானும் செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் அவளைப் படுத்தியது எதற்காக என்றும் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் என்னிடம் வாக்கியம் இல்லை.

"பனியா இருக்கும்மா" என்றது என் வாய்.

 அம்மா மெதுவாகப் பாறை அருகில் உட்கார்ந்தாள்.

"அப்ப வருதா? நெசமாவே வருதா?" என்றாள். "நான் கெடுக்கலியா?"

அவள் இடுப்பில் போன் சத்தம் போட்டது. கௌசராகத்தான் இருக்கும், காலைவரை அவளால் பொறுக்க முடியாது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. காற்றில் அணையாமல் ஒரு கையைச் சுடருக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, விளக்கைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஸ்டிக்கரில் இருந்த கோடுகளை அடியிலிருந்து விரலால் தொட்டு எண்ணினாள். இரண்டாவது கோட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன் மறுபடியும் அடித்தது. பனி இறங்கி எதிர் வீடு முழுக்க மறைந்துவிட்டது. அந்தச் சின்ன வெளிச்சத்தில் அம்மாவின் விரலும் நான் ஊற்றிய தண்ணீரும் மட்டும் தெரிந்தன.